பத்துமலை மச்சான் வாங்கிய ஒரே தொகுப்பு

என் அக்கா விமலாவின் கணவர் பத்துமலைக்கு உலகத்தில் இரண்டு விஷயங்களில்தான் கருத்து உண்டு. ஒன்று, பாலாங் பெசி என்ற ராக் குழு. மற்றொன்று, பாலாங் பெசியைப் பற்றி மற்றவர்கள் வைத்திருக்கும் தவறான கருத்துகள். அரசியல், விலைவாசி, பக்கத்து வீட்டு வேலித் தகராறு எதுவானாலும் "அப்படியா லா" என்று முடித்துவிடுவார். ஆனால் யாராவது விவரம் தெரியாமல், "அவங்க நல்ல பாட்டெல்லாம் சேத்து ஒரே சிடியா வந்துருக்கே, கேட்டீங்களா?" என்று வாய்விட்டால் போச்சு. அந்த வீட்டில் பரிமாறின சோறு ஆறிவிடும்.

நான் தைப்பிங்கில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. எனக்கு அந்தக் குழுவைப் பிடிக்காது. பிடிக்காத ஒன்றைப் பற்றி ஒரு மனிதன் இவ்வளவு தெரிந்து வைத்திருப்பதைத் தலையெழுத்து என்றுதான் சொல்ல வேண்டும். அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து காது கொடுத்து வருகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாலாங் பெசி, கோலா கங்சாரைச் சேர்ந்த ஐந்து மலாய்க்கார இளைஞர்களின் குழு. முடி இடுப்பு வரை தொங்கும், கால்சட்டை தோலோடு ஒட்டியிருக்கும். எண்பதுகளின் கடைசியில் ஆரம்பித்து மூன்று ஆல்பம் போட்டார்கள். அப்புறம் சண்டை போட்டுப் பிரிந்தார்கள், சேர்ந்தார்கள், மறுபடி பிரிந்தார்கள். இப்போது கிதார் வாசித்தவர் ரொட்டிக் கடை வைத்திருக்கிறார் என்றும், டிரம் அடித்தவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்றும் சொல்கிறார்கள். மூன்றே ஆல்பம் போட்ட குழுவுக்கு ஏழெட்டுத் தொகுப்புகளும் மூன்று மேடைப் பதிவுகளும் கடையில் கிடைக்கின்றன. என்னைக் கேட்டால் இது அநியாயம். மச்சானைக் கேட்டாலும் அநியாயம்தான், ஆனால் அவர் ஏன் என்று விளக்குவார்.

மச்சானுக்கு இந்தப் பித்துப் பிடித்ததே ஒரு கோயில் திருவிழாவில். அவர் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அந்த வருடம் டவுனிலிருந்து ஒலிபெருக்கி கட்ட வந்த ஆள் பக்திப் பாடல் கேசட்டுகள் இருந்த பெட்டியை மறந்துவிட்டு வந்தான். லாரியில் கிடந்தது ஒரே ஒரு கேசட். கோயில் கமிட்டித் தலைவர் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கும் வரைக்கும் தென்னை மரத்தில் கட்டிய குழாயில் பாலாங் பெசி முழங்கியது. கரகம் எடுத்தவர் தாளம் நன்றாகத்தான் இருந்தது என்று பிற்பாடு சாட்சி சொன்னாராம். அந்தக் குழாயில் கேட்ட சத்தம்தான் மச்சானுக்கு அளவுகோல். அதற்குப் பிறகு எந்த நல்ல ஸ்பீக்கரும் அவருக்குத் திருப்தி தரவில்லை.

தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. மச்சான் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் ஸ்கூல் வேன் ஓட்ட ஆரம்பித்தார். இன்றைக்கும் ஓட்டுகிறார். அவர் வேனில் ஏறிய பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு வந்ததோ இல்லையோ, பாலாங் பெசியின் ஈப்போ மேடைப் பதிவு தலைகீழாக வரும். ஒரு தடவை ஒரு அம்மா வந்து, "அண்ணே, புள்ள தூக்கத்துல கெட்ட வார்த்த பேசுது" என்று முறையிட்டார். மச்சான் விசாரித்துப் பார்த்துவிட்டு, அது கெட்ட வார்த்தை இல்லை, இரண்டாவது பாட்டுக்கு முன்னால் பாடகர் ஜெனரேட்டர்காரனிடம் சொன்னது என்று விளக்கம் கொடுத்தார்.

'கோலெக்சி' என்று அவர் சொல்லும் இந்தத் தொகுப்புகளைப் பற்றி அவருடைய கருத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் கறிக்கு நடுவில் கேட்டேன். கேட்டேன் என்பது தவறு. சொன்னார்.

"மாப்ள, கோலெக்சின்னா என்னா? பத்து வீட்டுக்குப் போயி தலப்புள்ளய மட்டும் கூட்டிக்கிட்டு வந்து வரிசையா நிக்க வச்சி, இதான் குடும்பம்னு சொல்றான். குடும்பமா அது?"

"இல்ல மச்சான்."

"பின்ன என்னா அது?"

"ஸ்கூல் வேன்."

அன்றைக்கு எனக்கு இரண்டாவது துண்டு மீன் வரவில்லை.

ஒவ்வொரு தொகுப்புக்கும் அவரிடம் தனித்தனிக் குற்றச்சாட்டு உண்டு. 'இறுதித் தொகுப்பு' என்று பேர் வைத்ததற்குப் பிறகு இன்னும் இரண்டு வந்தன. மெல்லிசையை மட்டும் சேர்த்த தொகுப்பு, காதல் தோல்வி அடைந்தவர்களுக்கு மருந்துக் கடையில் விற்க வேண்டியது. இன்னொன்றின் அட்டையில் நிற்கும் ஐந்து பேரில் ஒருவன் அந்தக் குழுவிலேயே இருந்ததில்லை. யாரென்று இன்றுவரை தெரியவில்லை. ஒரே பாட்டு இரண்டு தடவை வந்த ஒரு தொகுப்பு உண்டு. அதை மட்டும் மச்சான் கொஞ்சம் மதித்தார். அந்தப் பாட்டு அதற்குத் தகுதியானது என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்குப் பாலாங் பெசி பிடிக்கும் என்று கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள் தீபாவளிக்குத் தொகுப்புதான் வாங்கி வருவார்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார். அவர்கள் போனதும் அந்த சிடியில் நூலைக் கட்டி வீட்டு முன்னாலிருக்கும் கொய்யா மரத்தில் தொங்கவிடுவார். வெயிலில் பளபளவென்று சுற்றும். பறவை கிட்ட வராது. காசு கொடுத்து ஒரு தொகுப்பைக்கூட அவர் வாங்கியதில்லை.

மேடைப் பதிவுகளிலும் எல்லாம் அவருக்கு ஒத்துவந்துவிடாது. கோலாலம்பூரில் வயலின் கோஷ்டியோடு நடத்தியதை அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஜனங்கள் கோட்டுப் போட்டு உட்கார்ந்து கேட்டால் அது கச்சேரி இல்லை, கோர்ட்டு என்பார். ஸ்டூடியோவுக்குள்ளேயே கொஞ்சம் பேரை உட்கார வைத்துப் பதிவு செய்தது இன்னும் மோசம். "கை தட்டறவன் மொகத்தப் பாரு மாப்ள. சாப்பாடு போடறேன்னு கூட்டியாந்துருக்கான்." சிடியில் முகம் தெரியாது. மச்சானுக்குத் தெரியும்.

மிச்சமிருப்பது 1991 ஈப்போ. திறந்த திடலில், ஜெனரேட்டர் இரைச்சலோடு, மூன்றாவது பாட்டிலிருந்து கிதாரில் ஒரு கம்பி சுருதி இறங்கிப்போய், எங்கோ நாய் குரைக்க, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அப்படியே பதிவானது. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். அதில்தான் 'ஹூஜான் தாக் ஜாடி' இருக்கிறது. பெய்ய வேண்டிய மழை பெய்யாமல் போனது என்று காதலியை நினைத்துப் பாடும் மெதுவான பாட்டு. நாள் தவறாமல் மழை கொட்டும் எங்கள் தைப்பிங்கில் அது விற்கவில்லை.

அந்தப் பதிவில் அந்தப் பாட்டு கிதாரோடு அழகாகத் தொடங்கும், கொஞ்ச நேரத்தில் டக்கென்று நின்றுவிடும். திடலுக்கு வெளியே ஒரு கார் ஆம்புலன்ஸ் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. பாடகர் கரகரத்த குரலில் மலாயில் அறிவிக்கிறார்: வெள்ளை சாகா கார், நம்பர் ஏ... அதோடு மைக் கிறீச்சிட்டு நம்பர் காதில் விழாமல் போகிறது. தயவுசெய்து எடுங்கள், வழி அடைபட்டிருக்கிறது, போலீஸ் இழுத்துக்கொண்டு போகப் போகிறது. பிறகு பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. எங்கள் பேராக் மாநிலத்தில் எல்லாக் காரின் நம்பரும் ஏ-யில்தான் ஆரம்பிக்கும். ஆகவே அந்தக் கார் யாருடையது என்பது தெரியாது. மச்சானுக்கு அதிலும் ஒரு யூகம் இருந்தது. வேண்டாம்.

"பாட்டு ரெண்டு தடவ ஆரம்பிக்கற ரெக்கார்டு வேற எங்க இருக்கு, சொல்லு" என்பார்.

இத்தனை சொல்லும் மனிதர் அந்தக் கச்சேரிக்குப் போகவில்லை. அன்றைக்குத் தோட்டத்தில் அவருடைய அண்ணன் கல்யாணம். டிக்கெட் சட்டைப் பையிலேயே இருக்க, மச்சான் பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு கல்யாணம் அந்தக் கச்சேரியைப் பறித்துக்கொண்டது, இன்னொரு கல்யாணம் அதைத் திருப்பித் தரட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மகள் தினேஸ்வரிக்குச் சம்பந்தம் பேச ஆயர் தாவாருக்குப் போன அன்றே ஆரம்பித்துவிட்டார்.

மாப்பிள்ளை தனேஸ்வரன் நல்ல பையன். அவன் அப்பா மகேந்திரன் செம்பனை லாரிகள் வைத்து ஓட்டுகிறவர், எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்கிறவர். அவர் மண்டபம், பந்தல், சாப்பாடு என்று பேசிக்கொண்டிருந்தார். மச்சான் வாழைப்பழத்தை உரித்தபடி, "டின்னர்ல பொண்ணு மாப்ள எந்தப் பாட்டுக்கு உள்ள வராங்க?" என்று கேட்டார்.

"அதெல்லாம் டிஜே பாத்துக்குவாரு சம்பந்தி."

"டிஜேவுக்கு என்னா தெரியும்?" என்றார் மச்சான். 'ஹூஜான் தாக் ஜாடி' நடப்பதற்கு ஏற்ற தாளம் என்றும், தானே வீட்டு நடையில் நடந்து பார்த்ததாகவும், ஆனால் ஈப்போ பதிவாகத்தான் இருக்க வேண்டும் என்றும், அதுவும் முழுதாக என்றும் விளக்கினார். மகேந்திரன் என்னைப் பார்த்தார். நான் பலகாரத் தட்டைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தினேஸ்வரி அடுப்படியில் வைத்துக் கேட்டாள். அவள் அதிகம் பேசுகிற பெண் இல்லை. நானும் அக்காவும் அங்கேதான் இருந்தோம்.

"அப்பா, ஒரு நாளு. அன்னைக்கி மட்டும் அந்த ஆளு பேசக் கூடாது."

"எந்த ஆளு?"

"உங்க ஆளுதான். நான் மாப்ளயோட உள்ள வரப்ப அவன் கார எடு கார எடுன்னு கத்தக் கூடாது. ஸ்கூல்ல என்னைய எல்லாரும் வேன் ரேடியோன்னுதான் கூப்புட்டாங்க. ஃபார்ம் ஃபைவ் வரைக்கும். கல்யாணத்தன்னிக்கு யாரும் என்னையப் பாத்து சிரிக்கக் கூடாதுப்பா. வேற எதுவும் நான் உங்ககிட்ட கேக்கல."

மச்சான் சில நாள் யாரோடும் பேசவில்லை. வேன் மட்டும் பேசியது. பிறகு ஒரு நாள் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பாட்டு அதே பாட்டு, ஆனால் ஸ்டூடியோவில் பாடினது, பேச்சு இல்லாதது என்றார். அவரிடம் இருந்த ஸ்டூடியோ ஆல்பம் கேசட், அதுவும் தேய்ந்து போனது. அந்த ஆல்பம் சிடியாக வரவே இல்லை. அந்தப் பாட்டு பேச்சில்லாமல் சிடியில் வேண்டுமென்றால் தொகுப்பில்தான் கிடைக்கும்.

"ஃபோன்லயே எடுத்துக்கலாம்பா" என்றாள் தினேஸ்வரி.

"வேணாம். நான் வாங்கிக் குடுக்கறேன். அப்பன் செய்யற சீருன்னு வச்சிக்க. உன் கல்யாணத்துல என் வாயும் தொறக்காது, அவன் வாயும் தொறக்காது."

 தினேஸ்வரி அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அந்த ஒரு தொடுதலுக்காக மச்சான் பெட்ரோல் நிலையத்துக்குப் போய், கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கிய 'கோலெக்சி எமாஸ்' என்ற தங்கத் தொகுப்பைச் சொந்தக் காசில் வாங்கினார். புதிதாக வந்தது. அட்டை தங்க நிறம். எட்டாவது பாட்டு 'ஹூஜான் தாக் ஜாடி' என்று போட்டிருந்தது, வேறு விவரம் இல்லை. டிஜே தேவனிடம் கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். மேலே ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூட மச்சான் பிரிக்கவில்லை.

"ஒரு தடவ போட்டுப் பாத்துட்டுக் குடுக்கலாமே மச்சான்."

"வாங்கிக் குடுக்கறேன்னுதான் சொன்னேன். கேக்கறேன்னு சொல்லல."

அந்த வீம்புதான் அவரைக் கவிழ்த்தது. தொகுப்புக்காரர்கள் அட்டையில் ஒன்று போட்டு உள்ளே வேறு வைப்பார்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், தன் மகள் கல்யாணத்துக்கு வாங்கியதைக் கேட்டுப் பார்க்க மறுத்தார்.

கோயிலில் தாலி கட்டு நல்லபடியாக முடிந்தது. மாலை ஈப்போ மண்டபத்தில் டின்னர். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மண்டபங்களுக்கு வருகிறவர்கள் காரை மூன்று வரிசையாக நிறுத்துவார்கள். அது அவரவர் பிறப்புரிமை. பதிலுக்கு மண்டப மேனேஜர் விருந்து முடியும் வரை மைக்கில் நம்பர் சொல்லிக்கொண்டே இருப்பார், ஆட்கள் சாவியை ஆட்டிக்கொண்டு எழுந்து போய் வந்துகொண்டே இருப்பார்கள். அன்றைய மேனேஜர் மலாய்க்காரர், கரகரத்த குரல். பொண்ணு மாப்பிள்ளை வருவதற்கு முன்பே இரண்டு தடவை அறிவித்துவிட்டார். ஒன்று மகேந்திரனின் பிக்கப். வெளியே போலீஸ்காரர் நிற்கிறார், இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்றும் சொன்னார். எல்லாருக்கும் பாதி மனசு வெளியில்தான் இருந்தது.

விளக்கை மங்க வைத்தார்கள். கதவு திறந்தது. தினேஸ்வரி சிவப்புப் பட்டில் தனேஸ்வரன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிதார் தொடங்கியது. இருவரும் அடியெடுத்து வைத்தார்கள்.

கிதார் நின்றது.

கரகரத்த மலாய்க் குரல் மண்டபம் முழுக்க முழங்கியது. வெள்ளை சாகா, நம்பர் ஏ, கிறீச். வழி அடைபட்டிருக்கிறது. போலீஸ் இழுக்கப் போகிறது.

வெள்ளை சாகா வைத்திருந்தவர்கள் எழுந்தார்கள். சாகா இல்லாதவர்கள், போலீஸ் ஒன்றோடு நிறுத்துமா என்று எழுந்தார்கள். ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் சாவியோடு ஒரே கதவை நோக்கிப் போனார்கள். அந்தக் கதவில்தான் பொண்ணு நின்றாள். இருபக்கமும் ஆட்கள் மோதிக்கொண்டு வெளியேற, தினேஸ்வரி மாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள். வீடியோ எடுத்தவன் கேமராவை மேசையில் வைத்துவிட்டுப் போனான். மகேந்திரன் போனார். நானும் போனேன். என் சாகா வெள்ளை. அந்த அறிவிப்பை இத்தனை வருடம் கேட்டவன் நான். இருந்தும் போனேன்.

கார் கதவைத் திறந்த பிறகுதான் உள்ளே கிதார் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது கேட்டது. அப்போது புரிந்தது. மச்சான் கொடுத்த வாக்கை மீறி ஈப்போ பதிவையே கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

நான் உள்ளே வந்தபோது மச்சான் டிஜே மேசையில் நின்றார். தப்பைத் தடுக்க ஓடினவர்தான், ஆனால் பார்க்கிறவர்களுக்குத் தப்பைச் செய்தவர் நிற்கிற இடம் அது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மகேந்திரன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அவரிடம் வந்தார்.

"சம்பந்தி, உங்க பிடிவாதத்த இன்னைக்கித்தானா காட்டணும்? முறைன்னு ஒண்ணு இல்லயா?"

"நான் இதக் குடுக்கல சம்பந்தி. நான் கோலெக்சிதான் குடுத்தேன்."

டிஜே தேவன் நல்ல எண்ணத்தில் வாயைத் திறந்தான். "அங்கிள் குடுத்த சிடிதான் இது, அப்படியே லேப்டாப்ல ஏத்திட்டேன்." உறையை வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தான். அத்தோடு தீர்ந்தது.

"பாத்தீங்களா?" என்றார் மகேந்திரன்.

அக்கா மச்சானைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "பெத்த மகளுக்கு இதக்கூட செய்ய முடியலயா உங்களுக்கு?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கூடப் போனவன், பிளாஸ்டிக் பிரிக்காததைப் பார்த்தவன். ஆனால் அதற்குப் பிறகு அவர் போய் மாற்றியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அவர் குணம் எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு மற்றவர்கள் யாரும் பெரிதில்லை. கதவுப் பக்கம் திரும்பி மகளைப் பார்த்தார். "நான் மாத்தலம்மா" என்றார். அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது.

ஆண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். சில பேர் சிரித்தார்கள். தனேஸ்வரன் அவள் காதில் ஏதோ சொன்னான்.  தினேஸ்வரி தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

பாட்டு முடிந்தது. ஸ்பீக்கரில் கைத்தட்டல் வந்தது. அந்தக் கைத்தட்டல் மெல்ல மெல்லக் குறைந்து, தேய்ந்து, ஒன்றுமில்லாமல் போனது. மண்டபத்தில் சத்தமே இல்லை.

தினேஸ்வரி நேராக டிஜே மேசைக்கு நடந்து வந்தாள். மாலையும் சேலையுமாக அவள் வந்த வேகத்துக்கு ஆட்கள் நாற்காலியை இழுத்து வழி விட்டார்கள்.

"மாமா," என்றாள் மகேந்திரனிடம், "அப்பா சிடிய மாத்தல."

"அந்த ஆளு கத்துனத எல்லாரும் கேட்டோமேம்மா."

"கத்துனான். ஆனா ஈப்போ சிடியில இந்தப் பாட்டு முடியாது மாமா. கை தட்டிக்கிட்டு இருக்கறப்பவே டிரம் அடிச்சிருவான், அடுத்த பாட்டு வந்துரும். நடுவுல எடவெளியே கெடையாது. இதுல கைத்தட்ட அமுக்கிட்டாங்க. இது கடையில வாங்குன கோலெக்சி. அவங்களே ஈப்போ பாட்ட வெட்டி இதுல போட்டுருக்காங்க. அப்பா சொன்ன மாதிரிதான் வாங்கிக் குடுத்துருக்காரு."

மகேந்திரன் டிஜேயைப் பார்த்தார். தேவன் லேப்டாப்பைத் தட்டினான். திரையில் முன்னால் ஒரு பாட்டு, பின்னால் ஒரு பாட்டு, நடுவில் இது, எல்லாவற்றுக்கும் மேலே கோலெக்சி எமாஸ் என்று இருந்தது. அதை முன்பே பார்த்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. மகேந்திரன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "தப்பா பேசிட்டேன் சம்பந்தி" என்றார். முறை தெரிந்தவர்.

"பரவால்ல சம்பந்தி. கோலெக்சின்னா அப்படித்தான்" என்றார் மச்சான். 

"வேற பாட்டு போடட்டுமா?" என்று தேவன் கேட்டான்.

"அதையே போடுங்க. மொதல்லருந்து" என்றாள் தினேஸ்வரி. தனேஸ்வரனைக் கூட்டிக்கொண்டு கதவுக்குத் திரும்பிப் போனாள்.

மறுபடி விளக்கு மங்கியது, கிதார் வந்தது, கிதார் நின்றது. வெள்ளை சாகாவை எடுக்கச் சொன்னார் பாடகர். மண்டபமே சிரித்தது. தினேஸ்வரியும் சிரித்தாள், தனேஸ்வரன் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே காத்திருந்தாள். பாட்டு இரண்டாவது தடவை தொடங்கியதும் இருவரும் நடந்து வந்தார்கள். அந்தத் தாளம் நடப்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. இதை நான் மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேனேஜர் நிஜமாகவே மைக்கில் வந்து ஒரு வெள்ளை சாகாவை எடுக்கச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. அது என் கார்தான். போலீஸ் அபராதச் சீட்டு ஒட்டியிருந்ததை வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தேன்.

சாப்பாடு வந்தது. மச்சான் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தட்டைத் தொடவில்லை.

"என்ன மச்சான், சாப்புடல?"

"அமுக்கிட்டானுங்க மாப்ள. அந்தக் கைத்தட்ட அமுக்கிட்டானுங்க."

அதற்காகத்தான் வருத்தப்படுகிறார் என்று நினைத்து, "விடுங்க மச்சான், கோலெக்சிதானே" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். எதிரில் மேடையில் தினேஸ்வரி யாரோடோ நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்கூலு முடியற வரைக்கும் அவ முன் சீட்டுல என் பக்கத்துலதான் உக்காந்து வருவா. ஏறுன ஒடனே காதுல வயர மாட்டிக்குவா. மூஞ்ச ஜன்னல் பக்கம் திருப்பிக்குவா. ஒரு நாளு ஒரு வார்த்த சொன்னதில்ல. நான் மட்டுந்தான் கேட்டுக்கிட்டு வரேன்னு நெனச்சேன் மாப்ள. இத்தன வருசமா நான் தனியாத்தான் கேட்டுக்கிட்டு வரேன்னு நெனச்சேன்."

அவர் அழுதார். கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல், முகத்தை மூடாமல் அழுதார்.  என் தட்டிலிருந்த கோழித் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.